பக்கவாதம்: கை கால் தேறியாச்சு... யோசனை தேறியதா?

1919 டிசம்பர் 5. அமெரிக்க வெள்ளை மாளிகையின் படுக்கையறைக்குள் இரண்டு செனட்டர்கள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். மெக்சிகோ விவகாரம் பற்றிப் பேச வந்ததாக வெளியே சொல்லிக்கொண்டார்கள். வந்த வேலை வேறு. இரண்டு மாதமாக வெளியே தலைகாட்டாத ஜனாதிபதி உட்ரோ வில்சன் புத்தித் தெளிவோடு இருக்கிறாரா என்று நேரில் பார்த்துவிட வேண்டும்.

வில்சனின் மனைவி ஈடித்தும் மருத்துவர் கேரி கிரேசனும் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார்கள். செயலிழந்த இடது கை போர்வைக்குள் மறைந்திருந்தது. வந்தவர்கள் அவருடைய வலப்பக்கத்தில் உட்காரவைக்கப்பட்டார்கள். தேவையான காகிதங்கள் வலது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. வில்சன் கை குலுக்கினார், கேட்டதற்குப் பதில் சொன்னார், நடுவில் கிண்டலும் செய்தார். செனட்டர்கள் வெளியே வந்து, ஜனாதிபதி நன்றாகத்தான் இருக்கிறார் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர் நன்றாக இல்லை. அக்டோபர் 2 அன்று மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து, இடது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தன. இடப்பக்கப் பார்வையும் பாதிக்கப்பட்டிருந்தது. அடுத்த ஏப்ரல் வரை அவர் அமைச்சரவையைக் கூட்டவில்லை. தான் இல்லாதபோது அமைச்சர்களைக் கூட்டிப் பேசினார் என்று வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங்கைப் பிப்ரவரியில் பதவி விலகவைத்தார். அவருடைய பெருங்கனவு சர்வதேச சங்கம். அதில் அமெரிக்கா சேர வேண்டுமானால் செனட் கேட்ட திருத்தங்களுக்குக் கொஞ்சம் இறங்கிவர வேண்டியிருந்தது. சொந்தக் கட்சிக்காரர்கள் சொல்லியும் மறுத்தார். சங்கத்தில் சேர்வதற்கான ஒப்பந்தம் 1919 நவம்பரில் ஒருமுறை, 1920 மார்ச்சில் ஒருமுறை செனட்டில் தோற்றது. எழுந்து நடக்கவே துணை தேவைப்பட்ட அந்த நிலையிலும், மூன்றாவது முறை ஜனாதிபதியாகலாம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது.

வில்சன் இயல்பிலேயே பிடிவாதக்காரர் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. நரம்பியல் மருத்துவர்களுக்கோ அந்த மாதங்களின் கதை மிகவும் பழகிய கதை. வலப்பக்க மூளையில் அடிபட்டவர் தெளிவாகப் பேசுவார், பழைய கதை சொல்வார், சிரிக்கவைப்பார். தன் உடம்புக்கு வந்திருப்பது எவ்வளவு பெரிய பாதிப்பு என்பது மட்டும் அவருக்கு உறைக்காது. எதிரில் இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதும் பிடிபடாது. பிடித்த பிடியை மாற்றிக்கொள்ளத் தெரியாது. பேச்சை மட்டும் கேட்டுவிட்டு வந்தவர்கள் ஏமாந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை சுவீடனில் நடந்தது. கவிஞர் தோமாஸ் திரான்ஸ்திரோமருக்கு 1990-ல், 59 வயதில், பக்கவாதம் வந்தது. அவருக்கு அடிபட்டது இடப்பக்க மூளை. வலது கை போனது, பேச்சும் ஏறக்குறைய முழுதாகப் போனது. பார்ப்பவர்கள் ‘மனிதர் முடிந்தார்’ என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் அவர் இடது கையால் மட்டும் பியானோ வாசித்தார். அவருக்காகவே இசையமைப்பாளர்கள் இடது கைக்கான இசை எழுதிக்கொடுத்தார்கள். 1996-லும் 2004-லும் அவருடைய கவிதைத் தொகுப்புகள் வந்தன. 2011-ல் இலக்கிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு நினைவு உண்டு. 1984 அக்டோபரில் முதல்வர் எம்.ஜி.ஆருக்குச் சிறுநீரகக் கோளாறோடு பக்கவாதமும் வந்தது. அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே, பிரசாரத்துக்கு வராமல் ஆண்டிபட்டியில் வென்றார். திரும்பி வந்து 1987 டிசம்பரில் இறக்கும்வரை முதல்வராக இருந்தார். பேச்சு மட்டும் பழையபடி திரும்பவில்லை. அவர் என்ன சொல்கிறார் என்று புரியாமல் பக்கத்தில் இருந்தவர்கள் திணறியதை அந்தத் தலைமுறை நன்றாக அறியும்.

பேச்சு குழறினால் அறிவே போய்விட்டதாக நினைக்கிறோம். பேச்சு சரளமாக இருந்தால் எல்லாம் சரியாக இருப்பதாக நினைக்கிறோம். பக்கவாதம் வந்த வீடுகளில் நடக்கும் பெரும்பாலான மனக்கசப்புக்கு இந்த இரண்டு தப்புக்கணக்குகள்தான் வேர். ‘கை கால் வந்துருச்சா? நடக்கிறாரா?’ என்று ஊரே விசாரிக்கும். ‘முன்பு மாதிரி யோசிக்கிறாரா?’ என்று கேட்பவர் அபூர்வம்.

கடைமடையில் இருக்கும் மூளை

மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் அளவுக்கு ரத்தம் அதற்குள் ஓடுகிறது. மூளைக்குச் சேமிப்பு என்று எதுவும் கிடையாது. ரத்தம் முழுதாக நின்றால் பத்து நொடிக்குள் நினைவு தப்பும். சில நிமிடங்களில் செல்கள் சாகத் தொடங்கும்.

நூறு கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் இயல்பு. அது 20-க்குக் கீழே இறங்கினால் செல்கள் வேலையை நிறுத்திவிடும், ஆனால் உயிரோடு இருக்கும். 10-க்குக் கீழே போனால் செத்துவிடும். பக்கவாதம் வந்த முதல் சில மணி நேரத்தில் மருத்துவர்கள் அப்படி அவசரப்படுவதன் காரணம், வேலையை நிறுத்திவிட்டு இன்னும் சாகாமல் காத்திருக்கும் அந்தப் பகுதிதான். பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இது திடீரென்று அடிக்கும் வாதம். மெல்ல மெல்ல நடக்கும் சேதம் ஒன்றும் இருக்கிறது. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடை வயலுக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும். வரத்து குறைந்தால் முதலில் காய்வதும் அந்த வயல்தான். மூளையின் ஆழத்தில் இருக்கும் வெண்பகுதியின் நிலையும் அதுவே. மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நரம்பிழைகள் ஓடுவது அங்கேதான். அங்கே போகும் ரத்தக்குழாய்கள் மயிரிழை போன்றவை. பல வருடம் கவனிக்காமல் விட்ட உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் புகையும் அவற்றின் சுவரைத் தடிக்கவைத்து, உள்வழியைச் சுருக்கிவிடுகின்றன. கழுத்து ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைத்தாலும், இதயம் பலவீனமாகி ரத்தத்தை இறைக்கும் வேகம் குறைந்தாலும், முதலில் தவிப்பது இந்தக் கடைமடைதான்.

1894-லேயே ஜெர்மன் மொழி மருத்துவ உலகில் ஓட்டோ பின்ஸ்வாங்கர் வெண்பகுதிச் சிதைவைப் பற்றி எழுதினார். 1974-ல் கனடாவின் விளாதிமிர் ஹாசின்ஸ்கி, சிறு சிறு அடைப்புகள் சேர்ந்து மறதிநோயை உண்டாக்குவதை மருத்துவ உலகம் கவனிக்கவைத்தார். இன்றைக்கு மறதிநோய்க் காரணங்களில் அல்சைமருக்கு அடுத்த இடம் ரத்தக்குழாய்க் கோளாறுக்குத்தான். வயதானவர்கள் பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கிறது.

பாதி உலகம் காணாமல் போகும்

வலப்பக்க மூளை அடிபட்டவர்களைப் பற்றி மிலான் நகரில் நடந்த ஆய்வு ஒன்று, 1978-ல் வெளியானது. எடுவார்டோ பிசியாக், கிளாவ்தியோ லுசாட்டி என்ற இருவர் செய்தது. நோயாளிகள் மிலான்காரர்கள். ஊரின் நடுவிலுள்ள தேவாலயச் சதுக்கம் அவர்களுக்கு அத்துப்படி. ‘தேவாலயத்தைப் பார்த்தபடி எதிர்ப்பக்கம் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன கட்டடம் தெரிகிறது?’ என்று கேட்டார்கள். வலப்பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். ‘இப்போது தேவாலயப் படியில் நின்று சதுக்கத்தைப் பாருங்கள்’ என்றதும், சற்று முன் விட்டுவிட்ட கட்டடங்களைச் சரியாகச் சொன்னார்கள். முதலில் சொன்னவை இம்முறை விடுபட்டன. கண்ணில் கோளாறு இல்லை, ஞாபகமும் அழியவில்லை. மனதுக்குள்ளேகூட இடப்பக்கத்தைக் கவனிக்க முடியவில்லை.

இதை வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். அப்பா தட்டில் இடப்பக்கம் வைத்த பொரியலைத் தொடாமல் எழுந்துவிடுகிறார். சட்டையின் இடது கை மாட்டாமல் தொங்குகிறது. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சவரம். நடக்கும்போது இடது தோள் நிலைப்படியில் இடித்துக்கொண்டே இருக்கிறது. பேப்பரில் வரியின் பாதியிலிருந்து படித்துவிட்டு ‘என்னத்த எழுதுறாங்க, ஒண்ணும் புரியல’ என்று தூக்கிப் போடுகிறார். கேட்டால், ‘எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்’ என்பார். அது வீம்பில்லை. தனக்குக் குறை இருப்பதை உணரும் திறனே அடிபட்டிருக்கிறது. இந்த நிலையில் ‘பைக் சாவியைக் கொடு’ என்று அவர் கேட்கும்போதுதான் வீட்டில் சண்டை தொடங்கும்.

இடப்பக்க மூளை அடிபட்டவரின் துன்பம் வேறு. சிலருக்கு மற்றவர் பேசுவது முழுக்கப் புரியும். சொல்ல வேண்டியது மனதில் நிற்கும். சொல் மட்டும் வராது. ‘தண்ணி’ என்று சொல்ல நினைத்து ‘தலகாணி’ என்று சொல்லிவிட்டு, தப்பு என்று தெரிந்து தலையில் அடித்துக்கொள்வார். வேறு சிலருக்குப் பேச்சு மடமடவென்று கொட்டும், பொருள் இருக்காது. அடுத்தவர் பேசுவதும் வேற்றுமொழியாகக் கேட்கும். சிலரால் ஒரு சொல் பேச முடியாதபோதும் பழைய பாட்டை வரியோடு பாட முடிகிறது. இசையைப் பயன்படுத்திப் பேச்சை மீட்கும் பயிற்சி முறையே இதிலிருந்து பிறந்ததுதான்.

மூளையின் மையத்தில் இருக்கும் தலாமஸ் பகுதியில் வரும் சிறு அடைப்பு இன்னும் விசித்திரமானது. கை கால் எல்லாம் நன்றாக இருக்கும். மனிதர் மட்டும் திடீரென்று எதிலும் அக்கறையற்று, தூங்கி வழிந்து, காலையில் நடந்ததை மாலையில் மறந்துபோவார். வாதம் என்றே யாருக்கும் தோன்றாது.

அடுப்படியில் தெரியும், கல்லாவில் தெரியும்

ரத்தக்குழாய்க் கோளாறால் வரும் மறதிநோய் பெரும்பாலும் ஞாபக மறதியாகத் தொடங்குவதில்லை. முதலில் போவது வேகம். கேட்ட கேள்விக்குப் பதில் வரும், ஆனால் தாமதமாக வரும். அடுத்தது, திட்டமிட்டு வரிசையாகச் செய்யும் திறன்.

சாம்பார் வைப்பதை எடுத்துக்கொள்வோம். பருப்பு வேகும்போதே புளி ஊறவேண்டும், காய் நறுக்கவேண்டும், விசில் எண்ணவேண்டும், நடுவில் வாசலில் கூப்பிட்டால் போய் வரவேண்டும், வந்து விட்ட இடத்தில் பிடிக்கவேண்டும். நாற்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்த அம்மா, உப்பை இருமுறை போடுகிறார். அல்லது ஒவ்வொரு படியிலும் நின்று திகைக்கிறார். கொஞ்ச நாளில் ‘நீயே சமைச்சுடும்மா’ என்று மருமகளிடம் விட்டுவிடுகிறார். ‘பாவம், வயசாயிடுச்சு, ஓய்வெடுக்கட்டும்’ என்று வீடு நினைக்கிறது. ஆணாக இருந்தால் கடையில் சில்லறை கொடுப்பதில் தடுமாற்றம் தெரியும், வங்கிப் படிவம் நிரப்புவதில் தெரியும். வீட்டு வேலை மட்டுமே பார்த்துவந்த பெண்ணுக்கு வரும் இந்தச் சரிவு, பெரும்பாலும் யாருடைய கணக்கிலும் வராமலே போகிறது.

ஒரே நேரத்தில் பல பேச்சைக் கவனிப்பது கடினமாகும். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேசினால் குழம்பி, ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று எழுந்துவிடுவார். காலை மாத்திரை போட்டாரா என்பது அவருக்கே தெரியாது. இருமுறை போடுவதும் நடக்கும், விட்டுப்போவதும் நடக்கும். ‘பேங்க்ல இருந்து பேசுறோம்’ என்று யாரோ கேட்டதும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லிவிடுவார். நடை சிறு சிறு அடியாகச் சுருங்கும். சிறுநீரை அடக்க முடியாத அவசரம் வரும். இந்த மூன்றும், அதாவது யோசனை மந்தம், நடை மாற்றம், சிறுநீர் அவசரம் ஆகியவை சேர்ந்து வந்தால், ‘வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்’ என்று விடக்கூடாது. ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டிய அறிகுறிகள் இவை.

மனமும் மாறும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சாப்பாடு வேண்டாம், தூக்கம் இல்லை, பயிற்சிக்கு வரமாட்டேன் என்பார். மூலையில் உட்கார்ந்து அழுவார். வேறு சிலர் பேரனின் பெயரைக் கேட்டாலே பொங்கிப் பொங்கி அழுவார்கள், அல்லது சாவு வீட்டில் சிரித்துவிடுவார்கள். அந்த அழுகைக்குள் துக்கமும் இல்லை, அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சியும் இல்லை. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் நரம்புவழி அறுந்ததன் விளைவு. இன்னும் சிலர் அழுவதுமில்லை, கோபப்படுவதுமில்லை. டி.வி. முன்னால் உட்காரவைத்தால் உட்கார்ந்தே இருப்பார்கள். ‘முயற்சியே பண்ண மாட்டேங்கிறார், சோம்பேறி’ என்று திட்டு வாங்குவது இவர்கள்தான். தொடங்குவதற்கான உந்துதலைத் தரும் பகுதி அடிபட்டிருப்பது வெளியே தெரியாது.

இந்த நிலையில் ஒருவரிடம் பத்திரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவது அவருக்கும் நல்லதல்ல, வாங்குபவருக்கும் நல்லதல்ல. சொத்து, வங்கிக் கணக்கு, கடன் ஜாமீன் போன்ற முடிவுகளை, அவருடைய புரிதல் எப்படி இருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே எடுக்கவேண்டும். அதேசமயம், பேச்சு வராத ஒரே காரணத்துக்காக அவரைக் கேட்காமலே முடிவெடுப்பதும் அநியாயம். தலையாட்டத் தெரிந்தவரிடம், ஆம் இல்லை என்று பதில் வரும்படி கேட்டால் அவர் விருப்பம் தெரிந்துவிடும்.

பத்து நிமிடப் பரிசோதனை

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பெண்டில்பரி, ராத்வெல் இருவரும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் வெளியிட்ட முடிவு இது: முதல் பக்கவாதத்துக்குப் பிறகு பத்தில் ஒருவருக்குப் புதிதாக மறதிநோய் வருகிறது. பக்கவாதம் மறுபடியும் வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் மறதிநோய்க்கு ஆளாகிறார்கள். மறதிநோய் என்று பெயர் வைக்கும் அளவுக்குப் போகாமல், யோசனையில் மட்டும் தடுமாறுபவர்கள் இன்னும் அதிகம்.

கண்டுபிடிப்பதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. கனடாவில் ஸியாத் நஸ்ரெதீன் குழு 2005-ல் வெளியிட்ட மோகா என்ற தாள் பரிசோதனை உலகெங்கும் பழக்கத்தில் இருக்கிறது. தமிழிலும் உண்டு. மொத்தம் 30 மதிப்பெண், பத்து நிமிட வேலை. ஐந்து சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துக் கேட்பார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். ஒரு கடிகாரம் வரைந்து, சொன்ன நேரத்தைக் காட்டச் சொல்வார்கள். வில்சன் போலச் சரளமாகப் பேசி எல்லோரையும் நம்பவைப்பவர் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கடிகாரத்தில்தான். பன்னிரண்டு எண்களும் வட்டத்தின் வலப்பாதியில் நெருக்கியடித்து நிற்கும். அவருக்கு அது முழுக் கடிகாரம்.

பள்ளிக்கூடம் போகாதவர், பேச்சு இழந்தவர் போன்றோருக்கு இந்த மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கு நரம்பியல் உளவியலாளரோ அனுபவமுள்ள மருத்துவரோ வேண்டும். மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு, பி12 குறைபாடு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவையும் யோசனையை மந்தமாக்கும். இவை சரிசெய்யக் கூடியவை என்பதால் முதலில் இவற்றைத் தேடிப் பார்ப்பார்கள்.

எவ்வளவு தேறும்?

செத்த செல் திரும்பாது. ஆனால் பக்கத்தில் உயிரோடு இருக்கும் பகுதிகள் பயிற்சியால் சில வேலைகளை எடுத்துக்கொள்ளும். முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகு வேகம் குறையுமே தவிர, வாசல் மூடிவிடுவதில்லை. குறிப்பாகப் பேச்சு, வருடக் கணக்கில்கூட மெல்ல மேம்படும்.

நம் நாட்டில் கிடைத்த ஒரு நல்ல செய்தி ஹைதராபாத்திலிருந்து வந்தது. நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி குழு 608 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களில் சுமார் 40 சதவீதத்தினருக்கு யோசிக்கும் திறன் இயல்பாக இருந்தது. ஒரே மொழி பேசியவர்களில் அது சுமார் 20 சதவீதம். வாழ்நாள் முழுக்க இரண்டு மொழிகளுக்கு இடையே மாறி மாறிப் புழங்கிய பழக்கம், அடி வாங்கும்போது மூளைக்குக் கைகொடுக்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

இன்னொரு இந்திய ஆய்வு எச்சரிக்கை தருகிறது. வீட்டாருக்கே பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினால் போதுமா என்று 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2017-ல் வெளியான முடிவில், ஆறு மாதம் கழித்து உயிரிழப்பிலோ, பிறரைச் சார்ந்திருப்பதிலோ வித்தியாசம் தெரியவில்லை. குடும்பத்தின் அன்பு அவசியம், ஆனால் பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், அன்றாட வேலைப் பயிற்சியாளர் செய்யும் வேலையை அது ஈடுசெய்யாது. நம் ஊரில் பிசியோதெரபியாவது தெரிந்த சொல். மற்ற இரண்டு பயிற்சிகள் இருப்பதே பல குடும்பங்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

மூளைக்குச் சக்தி தருவதாகச் சொல்லி எழுதப்படும் மருந்துகளிலும் நிதானம் வேண்டும். அவற்றில் புகழ்பெற்ற சிட்டிகோலின், 2,298 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2012-ல் பலன் இல்லை என்று முடிவானது. வாதம் அடித்த கையில் புறா ரத்தம் தேய்ப்பது, ஊர் ஊராய் எண்ணெய்க்கு அலைவது இவற்றால் வரும் பெரிய நஷ்டம் காசு அல்ல, முதல் சில மணி நேரமும் முதல் சில மாதமும்.

வீட்டில் செய்யக்கூடியவை

* இடப்பக்கத்தைக் கவனிக்காதவரிடம் பேசும்போது இடப்பக்கமாக வந்து உட்காருங்கள். படிக்கும் பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, அங்கிருந்து தொடங்கப் பழக்குங்கள். சாப்பிடும்போது தட்டைத் திருப்பி வையுங்கள்.

* பேச்சு வராதவரிடம் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். கத்த வேண்டாம், காது கேட்கிறது. பதிலுக்குக் காத்திருங்கள். அவர் சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு முடிக்காதீர்கள். படம், சைகை, எழுத்து எல்லாம் பேச்சுதான்.

* ஒரு நேரத்தில் ஒரு வேலை. ‘குளிச்சுட்டு, துணி மாத்திட்டு, சாப்பிட வாங்க’ என்பதை மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள்.

* கண்ணாடி, சாவி, போன் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். மாத்திரைக்கு நாள்வாரிப் பெட்டி. சமைத்து முடித்ததும் சிலிண்டரை மூடும் பொறுப்பு இன்னொருவருக்கு.

* காரணமில்லாமல் அழுதால் ஏன் அழுகிறீர்கள் என்று தோண்ட வேண்டாம். பேச்சை மாற்றுங்கள். அடங்காவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு.

* வண்டி ஓட்டுவது மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான்.

* பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் ஒரு பொழுதாவது விடுப்பு கொடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தச் சுமை மனைவி, மகள், மருமகள் என ஒரே பெண்ணின் தலையில் இருக்கிறது.

காப்பாற்றக் கூடியது நிறைய

பக்கவாத அபாயத்தில் பத்தில் ஒன்பது பங்கு, மாற்றக்கூடிய பத்துக் காரணங்களுக்குள் அடங்கிவிடுகிறது என்று இன்டர்ஸ்ட்ரோக் என்ற பன்னாட்டு ஆய்வு காட்டியது. முதல் இடம் உயர் ரத்த அழுத்தத்துக்கு. அதைக் கட்டுப்படுத்தினால் புத்தியும் காப்பாற்றப்படுமா என்ற கேள்விக்கு, அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வு 2019-ல் பதில் சொன்னது. மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம், 140-க்குக் கீழே போதும் என்று விட்டவர்களைவிட, தொடக்கநிலை ஞாபகச் சரிவு சுமார் 19 சதவீதம் குறைந்திருந்தது. எல்லோருக்கும் 120 பொருந்தாது. எழுந்து நின்றால் தலைசுற்றும் முதியவருக்கு அழுத்தத்தை அளவுக்கு மீறி இறக்கினால் மூளைக்கு ரத்தம் குறையும். யாருக்கு எவ்வளவு என்பது மருத்துவர் கணக்கு.

‘பிரஷர் நார்மல் ஆயிடுச்சு’ என்று மாத்திரையை நிறுத்துவது நம் ஊரின் தீராத பழக்கம். அளவு சரியாக இருப்பதே மாத்திரை போடுவதால்தான். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறதா என்று ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள், அந்தக் கோளாறு பக்கவாத அபாயத்தை ஐந்து மடங்கு ஆக்குகிறது. உப்பு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது, திடீரென்று பார்வை மங்குவது, நிலைதடுமாறுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. கட்டியைக் குழாய் விட்டு எடுக்கும் சிகிச்சை, பொருத்தமான சிலருக்கு 24 மணி நேரம் வரை உண்டு. வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக்கூடாது. ஸ்கேன் எடுக்கும்முன் ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது. ரத்தக்குழாய் வெடித்திருந்தால் அது கேடாக முடியும். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். வந்து போன வாதம் மறுபடி வந்து அடிக்கும் அபாயம், அடுத்த இரண்டு மூன்று நாளில்தான் அதிகம்.

ஏற்கெனவே வாதம் வந்து தேறியவர் வீட்டில் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பிரஷர் எவ்வளவு, நடை எப்படி என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ‘இவருடைய ஞாபகத்தையும் யோசனையையும் ஒருமுறை சோதித்துச் சொல்லுங்கள்’ என்றும் கேளுங்கள். வீட்டில் நீங்கள் பார்த்த மாற்றங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில், குடும்பம் கேட்காவிட்டால் அந்தப் பத்து நிமிடப் பரிசோதனை பெரும்பாலும் நடப்பதில்லை.